ஜன்னலில் கட்டிய வலை

கரி எஞ்சின் இழுத்துப் போகும் பாசஞ்சர் வண்டி. அதன் ஜன்னல் கம்பியில் கட்டிய ஒரு வலைத்துண்டு, ஈரம் சொட்ட, காற்றில் வயிறு உப்பி உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. எழுபதுகளின் கடைசி வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். இறால் வலையின் அடிப்பகுதியை நாங்கள் மடி என்போம். கண்கள் மிக நெருக்கமாக இருக்கும். பொடி இறால்கூடத் தப்பாது. பழைய வலை ஒன்றின் மடியை வெட்டி, இரண்டாக மடித்துத் தைத்து, நான்கு மூலையிலும் கயிறு வைத்தவள் என் சித்தி. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் குழாயில் அதை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு, வண்டி ஏறிய உடனே ஜன்னலில் கட்டிவிடுவாள். காற்று வரும், கரி வராது. மெட்ராஸ் போய்ச் சேரும்போது அந்த வலை முழுக்க கருப்பு உளுந்தை உடைத்துத் தூவியதுபோல் கரித்துணுக்குகள் ஒட்டியிருக்கும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவள். ஏரிக்கரையில் எங்கள் குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தப்பா ஏரியில் பிடித்து வரும் நண்டையும் இறாலையும் கூடையில் கட்டி, காலை பாசஞ்சரில் கொண்டுபோய் மெட்ராஸ் தெருக்களில் விற்றுவிட்டு மாலை வண்டியில் திரும்புவாள். நான் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்து, மண்ணடியில் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தினமும் ஒன்றாகவே போவோம். வியாபாரத்துக்குப் போகிறவள் என்று சித்தியைப் பார்த்தால் சொல்ல முடியாது. முகத்துக்குப் பவுடர், தலையில் கனகாம்பரம், மை தீட்டிய பெரிய கண்கள். அந்தக் கண்களைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் கர்வம் உண்டு. தன்னைப் பெண் பார்க்க வந்தபோது சித்தப்பா வேறெதையும் கேட்கவில்லை, கண்ணைப் பார்த்துவிட்டுச் சரியென்று எழுந்து போய்விட்டார் என்று பெருமையாகச் சொல்வாள்.

கரி வண்டியில் போகாதவர்களுக்கு ஜன்னல் சண்டை என்றால் என்னவென்று புரியாது. எஞ்சினுக்கு முகம் காட்டி உட்கார்ந்தால் புகையும் தூசியும் கரிப்பொறியும் நேரே முகத்தில் அடிக்கும். மர ஷட்டரை இறக்கினால் கரி நிற்கும். ஆனால் உள்ளே வெந்துபோவோம். பாதி ஷட்டர்கள் கொக்கி உடைந்து, தூக்கினால் இறங்காமலும் இறக்கினால் ஏறாமலும் கிடக்கும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கைக்குட்டையைக் காலரில் சுற்றிக்கொள்வார்கள். பெண்கள் முந்தானையை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். எங்கள் பெட்டியில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருந்தது. கூடைக்காரப் பெண்கள் கரிக்குப் பயந்து ஜன்னலை மூடினால், மீன் நாற்றம் தாங்கவில்லை, திற என்பார்கள் ஆபீஸ்காரர்கள். திறந்தால் கரி. ஆரம்பாக்கத்தில் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்காருவது நாங்கள். கும்மிடிப்பூண்டியில் ஏறிக்கொண்டு எங்கள் ஜன்னலை என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுவது அவர்கள். இரண்டு பக்கத்துச் சண்டையையும் தீர்க்கத்தான் சித்தி அந்த வலையைத் தைத்தாள். "காத்துக்குக் காத்து, கரிக்கு மறைப்பு. இனிமே ஒருத்தன் வாயத் தொறக்கட்டும்" என்றாள்.

திறந்தார்கள். அந்த ஆபீஸ் கூட்டத்துக்குத் தலைவர்போல் ஒருவர் இருந்தார். ஏதோ அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டு. எல்லாரும் அவரை சூப்பிரண்டு சார் என்றே கூப்பிட்டார்கள். சிவந்த மேனி, சலவைக்கஞ்சி மொடமொடக்கும் சட்டை. என்னிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். "நீ படிச்ச பொண்ணு, அங்க எதுக்கும்மா உக்காந்திருக்கே? இப்படி வா" என்று தன் பெஞ்சில் இடம் காட்டுவார். நான் போகமாட்டேன். அதில் அவருக்கு வருத்தம். வலை கட்டிய நாளிலிருந்தே, ஜன்னலில் மீன் நாற்றத்தைத் தொங்கவிட்டிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வலையைச் சோப்புப்போட்டு வெளுத்துத்தான் கட்டியிருப்பதாகச் சித்தி சொன்னாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கத்திரி வெயில் நாள் ஒன்றில் அது நடந்தது. வண்டியில் நிற்க இடமில்லை. கும்மிடிப்பூண்டியில் ஏறிய சூப்பிரண்டு சாருக்கு எங்கள் எதிர் பெஞ்சில்தான் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். வலையை அவிழ் என்றார். சித்தி பொறுமையாகத்தான் பேசினாள். "உசுரோட கீற நண்டு நாறாது சார். நாறுனா கூடைய வேணா அந்தாண்ட தள்ளிக்கிறேன். வலைய மட்டும் உட்ருங்க, கரி அடிக்குது" என்றாள். அவர் எழுந்தார். இது ரயிலா தோணியா என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் போதுமானதாக இருந்தது. கயிற்றைப் பிய்த்து இழுத்து, வலையைச் சுருட்டி, கம்பிக்கு நடுவே வெளியே எறிந்தார்.

சித்தி அதைப் பிடிக்க எழுந்தாள். முகம் ஜன்னல் கம்பியருகே போன அந்த நேரத்தில் எஞ்சின் ஊதியது. புகை வளைந்து பெட்டிமேல் இறங்கியது. அவள் கத்தக்கூட இல்லை. 'ஹக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அந்த ஆளைப் பார்த்துக் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது. "ஜன்னலோரம் உக்காந்தா கரி விழத்தாம்மா செய்யும். இது என்ன உலகத்துல இல்லாததா?" சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். சிரித்தவர்களும் ஆளுக்கொரு பக்கத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கும் சித்தி விற்றுவிட்டுத்தான் வந்தாள். உயிர் நண்டைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. குப்பத்தில் கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டார்கள். நாக்கால் துழாவி எடுக்கிற ஒரு கிழவரைக் கூட்டிவந்தார்கள். துணுக்கு வந்துவிட்டது என்று அவர் சொன்னார். வலி மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் மன்றாடினேன். சித்தப்பா, கண் தானாகவே ஆறிவிடும் என்றார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து இறால் குவிந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாளின் சோறு இல்லை. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய் விற்றாள். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தபிறகு நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெட்ராஸில் கண் டாக்டரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்து, புண் உள்ளே போய்விட்டது, முன்பே வந்திருக்கவேண்டும் என்றார்.

ஒரு கண் போனால் பாதி உலகம் போகும் என்று நினைத்திருந்தேன். போனது தூரம். எது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. நண்டுக்குக் கொடுக்கைக் கட்டும்போது கை ஒரு விரற்கடை முன்னே போய்விடும். கொடுக்கு விரலைக் கவ்விவிடும். சின்ன வயதிலிருந்து பேசிக்கொண்டே நண்டு கட்டியவள் அவள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிக் கட்டினாள். கட்டைவிரல் முழுக்கத் தழும்பு. குப்பத்தில் அவளுக்கு ஒற்றைக்கண்ணி என்று பெயர் விழுந்தது. மை தீட்டுவதை விட்டுவிட்டாள். கனகாம்பரம் மட்டும் வைத்துக்கொள்வாள், அதுவும் நான் வாங்கிவந்தால்.

அடுத்த கோடையில் சூப்பிரண்டு சாரின் ஜன்னலில் ஒரு வலை தொங்கியது. வெள்ளைக் கொசுவலைத் துணி, ஓரத்தில் நீல நாடா வைத்துத் தைத்தது, நான்கு மூலையிலும் கொக்கி. அவர் மனைவி தைத்துக்கொடுத்ததாம். அவருடைய கூட்டாளிகள் அவர் மூளையே மூளை என்று மெச்சினார்கள். ஒரு மாதத்துக்குள் பெட்டியின் அந்தப் பாதி முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் கொசுவலை. சித்தி கூடையை வைத்துவிட்டு எழுந்துபோய், ஆளில்லாத ஒரு ஜன்னலில் அந்தத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். திரும்பி வந்து என் காதோரம், "கண்ணு பெருசா கீது. கரி பூந்துரும்" என்றாள். அவர்களிடம் சொல்லவா என்று கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள். அவள் என்ன எதிர்பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் எதிர்பார்த்தேன், ஒவ்வொரு நாளும், அந்த ஆள் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும்போதெல்லாம். ஒருவர் கண்ணிலும் ஒரு துணுக்குகூட விழவில்லை.

வலை வந்தபின் அவர்கள் பெட்டியைச் சொந்த வீடுபோல் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் கூடைக்கு என்ன வேலை? பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ரயில்வேயில் முறையிட்டார்கள் என்று கேள்வி. ஒருநாள் காலை, மீன்கூடை எல்லாம் இனி லக்கேஜ் வண்டியில்தான் என்று கார்டு வந்து சொன்னார். லக்கேஜ் வண்டி எஞ்சினுக்கு அடுத்தது. நானும் சித்தியோடு அதில் ஏறினேன். சீசன் டிக்கெட்காரி இங்கே ஏறக்கூடாது என்று இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு அவள் முன்னால், நான் பின்னால். மெட்ராஸில் இறங்கும்போது அவள் புருவம், உதடு, காதுமடல் எல்லாம் கரி பூசி நிற்பாள். பிளாட்பாரக் குழாயில் முகம் கழுவ, கருப்பாகத் தண்ணீர் ஓடும். முதல் நாள் நான் அழுதுவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எதுக்குடி அழற? அங்க ஜன்னலே இல்ல. சண்டையும் இல்ல" என்றாள்.

எண்பதுகளில் எங்கள் தடத்தில் கரண்டு வண்டி வந்தது. கரி நின்றது. கொசுவலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. லக்கேஜ் வண்டி உத்தரவை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கூடைகள் தாமாகவே பெட்டிக்குத் திரும்பின. சூப்பிரண்டு சார் ஓய்வுபெற்ற நாளில் பெட்டி முழுக்க லட்டு கொடுத்தார்கள். அவரே தட்டை ஏந்தி ஒவ்வொரு பெஞ்சாக வந்தார். சித்தியிடமும் நீட்டினார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார், செத்துப்போன கண்ணையும் பார்த்தார். "எடுத்துக்கம்மா" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தும் மறைத்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சித்தி எடுத்துக்கொண்டாள். என் பங்கை நான் ஜன்னல் வழியாக எறிந்தேன். அவள் தன்னுடையதைப் பிட்டுப் பிட்டுத் தின்றாள். நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, "லட்டு இன்னாடி பண்ணுச்சு?" என்றாள்.

இப்போது சித்தப்பா இல்லை. சித்தி மகன் வீட்டில் இருக்கிறாள். மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். வலை பக்கமே போவதில்லை. நான் எப்போதாவது மெட்ராஸ் போனால் குளிர்பதனப் பெட்டியில் போகிறேன். அதில் திறக்கிற ஜன்னலே கிடையாது. ஏறி உட்கார்ந்ததும் கை தானாகக் கண்ணை மூடப் போகும். இப்போது கரி இல்லை என்பது பிறகுதான் நினைவு வரும்.

போன மழைக்காலத்தில் சித்தியின் நல்ல கண்ணிலும் புரை விழுந்து, இலவசக் கண் முகாமுக்குக் கூட்டிப்போனேன். சின்னப் பெண்தான் டாக்டர். அன்பாகப் பேசினாள். இந்தக் கண் எப்படிப் போயிற்று என்று கேட்டாள். ரயிலில் கரி விழுந்தது என்றாள் சித்தி. எனக்குள் எல்லாம் திரண்டு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் கையை அழுத்தினாள். "ஜன்னல மூடிக்கிட்டு உக்காந்திருக்கலாமே பாட்டி" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

"மூட உடலம்மா" என்றாள் சித்தி.

யார் விடவில்லை என்று அந்தப் பெண் கேட்கவில்லை. மோவாயைத் தூக்கிப் பிடித்து, மேலே பாருங்க என்று சொல்லி, மற்ற கண்ணில் விளக்கை அடித்தாள்.