கண்ணாடி எண்ணிய விரல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எனக்கு நிச்சயமானவரின் இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மலேசியாவின் நீலாயில் ஒரு தொழிற்சாலை இயந்திரம் எடுத்துக்கொண்டது.
2. அவர் கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்.
3. என் வேலையிடத்தில் நான் வடிவமைத்துக்கொண்டிருந்த கிட்டார் செயலியை அவர் கைக்கு ஏற்றபடி மாற்றினேன்.
4. தோட்டத்துக் கோயில் திருவிழா மேடையில் அவர் அதை வாசித்தார்.
5. கல்யாணம் நடக்கவில்லை.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் சில வரிகள் குறைகின்றன. அதற்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

அவர் லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். வார நாட்களில் தொழிற்சாலை, சனி ஞாயிறுகளில் இசைக்குழு. சிரம்பான் கல்யாண மண்டபங்களில் அவர் கிட்டார் வாசிப்பதைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. விபத்துக்குப் பிறகு கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, இடது கையால் மீட்டிப் பார்த்தார். கம்பிகளை அழுத்த வலது கைக்கு வரவில்லை. பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

“நான் மறுபடி மேடையில வாசிக்கிறேன். அதுக்கு அப்புறம் தேதி குறிப்போம். இப்படியே வந்து உன் பக்கத்துல உக்கார முடியாது” என்றார்.

“எந்த மேடை?”

“நம்ம கோயில் மேடைதான். அங்க வாசிச்சா எங்கயும் வாசிக்கலாம் லா.”

அப்போது என் மேசையில் இருந்த வேலையே கைகளைப் பற்றியதுதான். தொடுதிரையில் ஆறு கம்பிகளை வரைவது எளிது. அதை எல்லாக் கைக்கும் பொருந்தச் செய்வதுதான் பாடு. சிறு பிள்ளைகளின் விரல்கள் ஒரே நேரத்தில் மூன்று கம்பிகளை எட்டாது. லாரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறவர்களின் விரல் நுனி காய்த்துப்போயிருக்கும், திரைக் கண்ணாடி அதை உணரவே உணராது. சிலர் ஒவ்வொரு கம்பியாகக் கிள்ளுவார்கள், சிலர் ஆறையும் சேர்த்து வாருவார்கள். கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எவ்வளவு லேசாகத் தொட்டால் ஒலிக்க வேண்டும் என்பதையெல்லாம் கைக்குக் கை மாற்ற வேண்டும்.

அவர் கைக்கு வழி கட்டை விரலில் இருந்தது. மரக் கிட்டாரில் இடது கட்டை விரல் பின்னால் போய்க் கழுத்தைத் தாங்குகிறது. கண்ணாடியில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. அந்த விரலை முன்னால் கொண்டுவந்தால் அவருக்கு மூன்று விரல்கள் கிடைத்துவிடும். மூன்று விரலில் பிடிக்கக்கூடிய கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, ஒவ்வொன்றாக அமைத்தேன்.

விபத்துக்குப் பிறகு அவர் இடது கை எப்போதும் கால்சட்டைப் பையில்தான் இருக்கும். அளவெடுக்க வேண்டும் என்று சொன்னால் மட்டும் வெளியே எடுத்து என்னிடம் கொடுப்பார். நான் அடிக்கடி அளவெடுத்தேன்.

இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அவருடைய நண்பர் முதல் ஒத்திகையிலேயே கேலியை ஆரம்பித்துவிட்டார். “மச்சான், கம்பி அறுந்தா என்னடா பண்ணுவ, சார்ஜ் போடுவியா? தங்கச்சி, எனக்கும் ஒரு டிரம்ஸ் செஞ்சு குடு. தூக்கிட்டு அலைஞ்சே இடுப்பு போச்சு.” பிறகு இவர் வாசித்ததைக் கேட்ட நண்பர், டிரம்ஸ் குச்சியைக் கையில் எடுத்தார். அன்று இடது கை கால்சட்டைப் பைக்குத் திரும்பவே இல்லை.

அந்த வருடம் பால்குடம் எடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். பூசாரி அவர் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மஞ்சளில் நனைத்த நூல், அதில் முடிந்த பச்சை மஞ்சள் கிழங்குத் துண்டு. கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பகலெல்லாம் ஊர்வலத்தில் வீட்டுக்கு வீடு அவர்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

சாயங்காலம் மேடை. டேப்லெட்டைக் கீபோர்டு தாங்கியில் படுக்க வைத்திருந்தோம். முதல் பாட்டின் தொடக்கம் ஒத்திகையில் கேட்டதைவிட நன்றாக வந்தது. முன்வரிசையில் அவருடைய அம்மா கைப்பையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று மனதுக்குள் மாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தையா சித்திரையா என்று.

அப்புறம் யாரும் தொடாத கம்பி ஒன்று ஒலித்தது. மறுபடியும் ஒலித்தது. அவர் கம்பிகளை வாரும்போதெல்லாம் ஈர மஞ்சள் கிழங்கு நூலில் ஆடி வந்து கண்ணாடியில் பட்டது. காய்த்த விரலைக்கூட உணராத கண்ணாடி, ஈரக் கிழங்கை ஒரு விரல் என்று எடுத்துக்கொண்டது.

“டேய், ஃபோன் அடிக்குது, எடுடா!” என்று கூட்டத்தில் யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது.

அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. நூலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட இடது கையை உயர்த்தினார். முன்வரிசையிலிருந்து அவர் அம்மா எழுந்து, “காப்புல கை வைக்காதடா! சாமி காப்புடா!” என்று அலறினார்.

உயர்த்திய கை அப்படியே நின்றது, மேடை விளக்கு முழுவதும் அதன்மேல். இரண்டு விரல் இல்லாத கையை அந்தத் தோட்டமே பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். டிரம்ஸ் மட்டும் தாளத்தை விடாமல் அவருக்காகச் சுற்றிச் சுற்றிக் காத்திருந்தது. அவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் என் காரில் வந்து உட்கார்ந்தார்.

“ஒரு வாரத்துல சரி பண்ணிடுவேன். கிழங்கு ஆட்டத்துல சும்மா படுது, விரல் அப்படிப் படாது. ரெண்டையும் பிரிச்சுடலாம்” என்றேன்.

“நீ பண்ணிடுவ. தெரியும்.”

“அப்புறம் என்னங்க?”

“அன்னிக்கு யாரும் என்னைத் திட்டல. ஒரு ஆள்கூட. ‘பரவால்ல தம்பி, பரவால்ல’ங்கிறாங்க. நான் தப்பா வாசிச்சா முன்னெல்லாம் செருப்பைத் தூக்கிக் காட்டுவானுங்க.” கதவின் கைப்பிடியைப் பிடித்தார். “நீயும் என் கையத் தொட்டா அளவுதான் எடுக்கிற. வீட்டுக்குள்ளயும் எனக்கு அந்தப் ‘பரவால்ல’ வேணாம்மா.”

அளவெடுப்பது ஒரு சாக்கு என்று சொல்லியிருக்கலாம். அது என் வாய்வரை வந்தது. அதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

நிச்சயச் சேலையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அம்மா வாங்கவில்லை. “நீ கட்டிக்க, தாயி. வேற யாருக்கு எடுத்தேன்?” என்று சொல்லி, அதை மறுபடி பையில் போட்டு என் கையில் திணித்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதைய நிலை இது. செயலி இனி ஈர மஞ்சளை விரல் என்று எடுத்துக்கொள்ளாது. மூன்று விரல் அமைப்பு அதில் இருக்கிறது, முன்பின் தெரியாதவர்கள் அதில் வாசிக்கிறார்கள். அவர் போர்டிக்சனில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார், வாசிப்பதில்லை. சேலை என் அலமாரியில் மடித்தபடி இருக்கிறது.