மிரளாத செவலை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அதனால் அப்பாவுக்குக் கோர்ட்டிலிருந்து வந்த சம்மனை நான்தான் வாசித்துச் சொன்னேன். பொதுச்சாலையில் தலைதெறிக்க மாட்டுவண்டி ஓட்டினாராம். நிரூபணமானால் வண்டி லைசென்ஸ் போய்விடும்.

நடந்தது எனக்குத் தெரியும். எங்கள் செவலை மாட்டை வாங்க வந்த மளிகைக்கடை ராவுத்தர், "ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்" என்றார். சிராங்கூன் ரோட்டில் மாடு விற்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் காட்டுவார்கள். அப்பா இன்னொரு வண்டியோடு பந்தயம் விட்டார். ரிக்‌ஷாக்காரர்கள் சாக்கடையோரம் பாய்ந்து ஒதுங்கினார்கள். எதிர்வண்டி சந்துக்குள் புகுந்துவிட்டது, அப்பா போலீஸிடம் மாட்டிக்கொண்டார்.

"ஓட்டச் சொன்னவர்மேல குத்தம் இல்லையாப்பா?"

"படிச்சவன் நீ. என்னைக் கேக்கிற?"

எனக்குத் தெரியவில்லை. மனு எழுதும் குமாஸ்தா ஒருவரிடம் போய்க் கேட்டேன். "மாடு மிரண்டு ஓடிச்சுன்னு எழுது தம்பி. மாட்டுக்கு ஏது லைசென்ஸ்?" என்று சிரித்தார். பொய்தான். ஆனாலும் அப்பாவிடம் கேட்காமலே, நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணைக்கு ராவுத்தரும் வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் என் மனுவைத் தமிழில் சொன்னார்: "மாடு மிரண்டுவிட்டது." ராவுத்தர் முகம் சுருங்கியது. அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிரளலைங்க. நான்தான் முடுக்கினேன். என் மாடு பீரங்கி வெடிச்சாலும் மிரளாது."

"யோவ், யோசிச்சுச் சொல்லு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் ரத்து என்றார் நீதிபதி துரை.

வெளியே வந்ததும், "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"லைசென்ஸ் ஆறு மாசத்துல திரும்பி வரும். மிரள்ற மாடுன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டா அப்புறம் அதை எவன் வாங்குவான்? நேரா கசாப்புத்தான்."

உண்மை சொன்னதற்குத் தண்டனை. பொய் சொல்லியிருந்தால் மாட்டுக்குத் தண்டனை. இதில் சட்டம் யாரைக் காப்பாற்றியது? ரிக்‌ஷாக்காரர்களை என்றால் அதுவும் நியாயம்தான்.

அன்று சாயங்காலமே ராவுத்தர் பணத்தைக் கொடுத்துச் செவலையை வாங்கித் தம் வண்டியில் பூட்டினார். எங்கள் தெருமுனை தாண்டியதும் கயிற்றைச் சுண்டினார். மாடு பறந்தது.

"பாத்தியாடா ஓட்டத்தை!" என்றார் அப்பா, வாயெல்லாம் பல்.

கோயில் பக்கம் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். ராவுத்தரை எச்சரித்துக் கத்துவதா, போலீஸைக் கூப்பிடுவதா? நான் வாய் திறப்பதற்குள் வண்டி வளைவில் மறைந்துவிட்டது.