கரகம் ஊர்த் தெருவுக்குள் திரும்பியது

என் அக்காவுக்கு வயதுக்கு வந்த காலத்திலிருந்தே மாரியம்மன் இறங்கும். ஆடி மாதம் எங்கள் காலனிக் கரகத்தை அவள்தான் தலையில் ஏந்தி ஆடுவாள். பம்பைச் சத்தம் கேட்டால் கண் செருகிவிடும். அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. "சாமி வந்தா நான் எப்பிடி இருப்பேன்னு எனக்கே தெரியாதுடி. ஒருவாட்டி எடுத்துக் காட்டு" என்று அவள் கேட்டதால்தான் அந்த வருஷம் நான் போனைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

எங்கள் ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். நான் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கேமரா வைத்த போன் அப்போதுதான் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொருவர் கையிலாக வரத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. ஊரில் இறங்கினால் கதை வேறு. மாரியம்மன் கோயில் ஊர்த் தெருவின் கடைசியில் இருந்தது. ஊர்க்காரர்களின் கரகம் அந்தத் தெரு வழியாகப் போகும். எங்கள் கரகம் ஏரிக்கரையைச் சுற்றி, முள்ளுக்காட்டைத் தாண்டிப் போய், கோயிலுக்குப் பின்னால் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும்.

அன்று மத்தியானம் ஏரியில் கரகம் ஜோடித்து அக்காவின் தலையில் ஏற்றினோம். பாதை பிரியும் இடத்தில் அவள் கரைப் பக்கம் திரும்பவில்லை. ஊர்த் தெருவுக்குள் நடந்தாள். பம்பைக்காரர் பயந்துபோய் அடிப்பதை நிறுத்திவிட்டார். மாமா, அதாவது அக்காவின் புருஷன், ஓடிப்போய் முன்னால் விழுந்து கும்பிட்டார்.

"தாயே, அங்க வேணாம் தாயே, இந்தப் பக்கம் வா."

"என் கோயிலுக்குப் போக எனக்கு எவன்டா வழி சொல்றது?" என்றாள். அது அக்காவின் குரலாகவே இல்லை.

தெருவில் நின்றவர்கள் முதலில் ஒதுங்கித்தான் நின்றார்கள். ஒரு பெண் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாள். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். அக்கா களையெடுக்கப் போகும் நிலத்துக்காரரின் மகன். "யார் வூட்டுத் தெருன்னு நெனச்சு வர்றடி?" என்று கரகத்தை ஓங்கித் தட்டினான். செம்பு உருண்டது. மஞ்சள் தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது. அவள் நிற்கவில்லை. அவிழ்ந்து கிடந்த தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அவனையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். பிறகு தடிகள் வந்தன. முதுகில் அடித்தார்கள், முழங்காலில் அடித்தார்கள். காதோடு சேர்த்து விழுந்த ஓர் அடியில் ரத்தம் மஞ்சளோடு கலந்து கழுத்தில் இறங்கியது. விழுந்தவளை வயிற்றில் மிதித்தார்கள். மாமாவைக் கரண்ட் கம்பத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, "பாருடா, நல்லா பாரு" என்று சொல்லிச் சொல்லி அவளை அடித்தார்கள். என்னை யாரோ பின்னாலிருந்து உதைத்ததில் சுவரோரம் போய் விழுந்தேன். போன் கையிலேயே இருந்தது. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்கா கடைசியில் தவழ்ந்துதான் போனாள். கோயில் படியில் கை வைத்ததும் நினைவு தப்பியது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாமா ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி காகிதத்தைக்கூட எடுக்கவில்லை. "சாமியாடறப்ப கால் தவறி வுழுந்துருக்கா. இதுக்கெல்லாம் கேஸ் போட முடியுமா? ஊரோட ஒத்துப் போங்கய்யா" என்றார். மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என் மச்சினி போன்ல எல்லாம் பதிவாயிருக்கு சார்" என்று சொல்லிவிட்டார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தப் பேச்சு ஊருக்கு வந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரம். அக்காவுக்கு மாற்றுச் சேலை எடுக்க நான் வீட்டுக்கு வந்திருந்தேன். காலனி முனையில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. யாருடைய பைக்கோ எரிந்து கரும்புகை எழுந்தது. "போன் எங்கடி?" என்று கத்திக்கொண்டே வீடு வீடாகக் கதவை உடைத்து வந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணியும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிறவள்தான். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். சுவரில் வாயை வைத்து, "அண்ணி, ப்ளூடூத் ஆன் பண்ணு" என்றேன். படத்தை அவள் போனுக்கு அனுப்பினேன். திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. அது பாதி தாண்டும்போது எங்கள் கதவில் முதல் உதை விழுந்தது. கதவின் மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

போனை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினார்கள். அதே குழவியை என் கையிலும் போட்டார்கள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணி தன் போனை அரிசிக் குண்டானுக்குள் புதைத்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவதுபோல் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் வழக்கம்போல் பஸ் ஏறினாள். கம்பெனியில் என் லைனில் நிற்கும் தென்காசிக்காரப் பெண்ணிடம் படத்தைக் காட்டினாள். "ஏட்டி, இது நம்மகூட நிக்கவ அக்காவா?" என்று கேட்டு அவள் கேன்டீனில் சாப்பிடாமலே எழுந்துவிட்டாளாம். ஷிஃப்ட் முடிவதற்குள் அந்தப் படம் போன் போனாகத் தாவிவிட்டது. ஓசூர்ப் பக்கம் போயிற்று, குந்தாரப்பள்ளிச் சந்தைக்கும் போயிற்று. தென்காசிக்காரி கிருஷ்ணகிரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அதை நெட்டில் ஏற்றினாள், சிடியும் போட்டாள். மாமாவைக் கூட்டிக்கொண்டு மாவட்டப் போலீஸ் அதிகாரியின் அறைக்குள் நுழைந்து, "விழுந்தாளா, அடிச்சாங்களான்னு நீங்களே பாருங்க சார்" என்றாள். அவர் முழுதும் பார்த்தார். அன்றே கேஸ் பதிவானது. நிலத்துக்காரர் மகனோடு இன்னும் சிலரையும் பிடித்துப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்கா அந்தப் படத்தின் தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "நானாடி இது? எம்மா, என்னா நடை நடக்கறா!" என்றாள். முதல் தடி ஓங்கும் இடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இடது காது அவளுக்குக் கேட்காமலே போய்விட்டது.

பிடிபட்டவர்கள் ஜாமீனில் வந்தார்கள். காலனிக்குக் களைவேலை கிடையாது, பால் கிடையாது என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கேஸ் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டே போனது. ஆனால் அடுத்த ஆடிக்கு, அமைதிக் கூட்டம் போட்டு, போலீஸ் காவலோடு எங்கள் கரகத்துக்கு ஊர்த் தெரு திறந்தது.

வாசல் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. டீக்கடையில் அந்த நிலத்துக்காரர் மகன் நின்றான். எங்கள் ஆட்களில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பம்பை உச்சத்துக்குப் போயும் அக்காவின் கண் செருகவில்லை. அவனைத் தாண்டும்போது அவள் கால்கள் நடுங்கியதைப் பார்த்தேன். கரகம் அசையவில்லை.

கோயிலுக்குள் இறக்கி வைத்ததும் அவளுடைய வலது காதில் கேட்டேன். "ஏன்க்கா, அம்மன் வரலியா?"

"வரலடி. போன வருசம் அவ நடந்தா, எனக்கு வலி தெரியல. இன்னிக்கு நான்தான் நடந்தேன். எம்மா, என்னா பயம்!"

பூசாரி குங்குமத்தைக் கையில் தராமல் தட்டில் வைத்துத் தரையில் நகர்த்தினார். அக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து எடுத்து, தானும் இட்டுக்கொண்டு எனக்கும் இட்டாள்.