பெயர் சொல்லாத உதாரணம்

டிவி டாக்டரம்மா என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. கைராசிக்கார டாக்டர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஆனால் வாயைத் திறந்தால் சாப்பிடுகிறவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்கும்படி பேசத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை. பஸ் கண்டக்டரின் மகள். யார் தயவும் இல்லாமல் முட்டி மோதி மேலே வந்தவர். புத்தகத்தைப் படித்துக் காட்டி ஜனங்களைத் தூங்க வைக்கும் வேலை அப்படிப்பட்டவருக்கு வராது.

உள்ளூர் கேபிள் சேனலின் ஸ்டுடியோ, பர்னிச்சர் கடை மாடியில் ஒரே ஒரு அறை. பின்னால் நீலத்துணி, இரண்டு நாற்காலி. மைக்கில் இரைச்சல் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஞாயிறுதோறும் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைக்காமல், சிரித்தபடி பேசுவார் டாக்டரம்மா.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் அந்த நோய் வந்த ஓர் ஆளைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்துவார். அவன் எப்படி நடப்பான், எப்படி இருமுவான், பெண்டாட்டியிடம் என்ன பொய் சொல்வான், எல்லாம் வரும். பெயர் மட்டும் வராது. பெயரைச் சொல்லாதவரை யாருக்கும் கெடுதல் இல்லை என்பது அவர் கணக்கு.

காசநோயைப் பற்றிப் பேசிய ஞாயிறு அப்படித்தான் ஆனது.

"நமக்குத் தெரிஞ்ச ஒரு தையல்காரர். தங்கமான மனுஷன். கத்தரிக்கோலைத் தேடவே மாட்டார், மிச்ச நூலைப் பல்லால கடிச்சு 'தூ'ன்னு துப்பிடுவார். இருமல் வந்ததும் துணித்தூசின்னு நினைச்சார். சோதிச்சா காசநோய்! ஆனா பயந்து ஓடலையே. மாத்திரையை விடாம சாப்பிடறார். இப்ப அவர்கிட்டேருந்து யாருக்கும் பரவாது. அவரை மாதிரி தைரியமா வாங்க!"

சேனல்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மறுநாள் காலை கிளினிக்கில் கம்பவுண்டர் ஊசிகளை எடுத்து வைத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னய்யா, காலையிலேயே முகம் தொங்குது?"

"அந்தத் தையல்காரரைச் சொல்லியிருக்க வேண்டாம் டாக்டர்."

"பேரையே சொல்லலையே!"

"பேரு எதுக்கு? நூலைக் கடிச்சுத் துப்பற தையல்காரர் ஊர்ல வேற யாரு? என் சம்சாரம் நேத்தே பிள்ளைங்க சட்டையை எல்லாம் வாரி வாசல்ல போட்டுட்டா. கிளினிக்ல வேலை பாக்கற என் வீட்டுலயே இந்தக் கூத்து!"

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கடைக்கு ஜனங்கள் வந்தார்கள், தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக. தைத்து முடித்த சட்டையை ஒரு பெண் விரல் நுனியால் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய், வெந்நீரில் அவித்தாளாம். 'யாருக்கும் பரவாது' என்று டாக்டரம்மா சொன்னது ஒருவர் மனதிலும் நிற்கவில்லை. 'தூ' மட்டும் நின்றது. அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தார்.

தப்பை நானே சரிசெய்கிறேன் என்று அடுத்த ஞாயிறு மறுபடியும் போய் உட்கார்ந்தார். "துணியால பரவாது, நூலால பரவாது" என்று அடித்துச் சொன்னார். நேரலையில் ஒரு போன் வந்தது.

"டாக்டரம்மா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் கடையைத்தானே சொல்றீங்க?"

ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றால் பொய். டாக்டரம்மா வாயடைத்து உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. அதுவரை தெரியாமல் இருந்தவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

அந்த வாரத்தோடு தையல்காரர் கிளினிக்குக்கு மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டார். பாதியில் விட்டால் அடங்கிய கிருமி பழையபடி எழும்பும், அப்புறம் அதே மருந்துக்கு மசியாமலும் போகலாம். இது டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்.

கதவை அரைவாசி திறந்தபடி தையல்காரரின் மனைவி நின்றாள்.

"உள்ளே வரலாமாம்மா? அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

"பேசினது போதும் டாக்டரம்மா."

"மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாதும்மா. உயிருக்கே ஆபத்து."

"மாத்திரை வாங்க வந்தா அங்க உக்காந்திருக்கவங்க எழுந்து தள்ளி நிக்கறாங்க. உங்க முகத்தைத் தெரியாத ஆளு ஊர்ல இல்ல. நீங்க எந்த வீட்டு வாசல்ல நின்னாலும் அந்த வீட்டுல சீக்குன்னுதானே அர்த்தம்?"

அதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து, "ஏய், டிவி டாக்டரம்மா வந்திருக்காங்க, ஓடி வாங்கடி!" என்று ஒரு குரல். செல்போனோடு நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. டாக்டரம்மா அவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, படத்துக்குச் சிரிக்க வேண்டியதாயிற்று.

கம்பவுண்டரை அனுப்பிப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. தையல்காரர் கடையை ஒழித்துவிட்டு, முகம் தெரியாத வெளியூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு தகவல் வந்தது. அங்கே அவரை ஒதுக்கவும் ஆளில்லை, மாத்திரை கொடுக்கவும் ஆளில்லை.

அவர் திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸில்தான் வந்தார். பெரியாஸ்பத்திரி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவரை டாக்டரம்மா போய்ப் பார்த்தார். மருந்து மாற்றியிருந்தார்கள், உடம்பு எதையும் ஏற்கவில்லை.

"என்னைத் திட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

"திட்டத் தெம்பு இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு. பாதியில மருந்தை விட்டவன் கதைன்னு இதையும் டிவில சொல்லிடாதீங்க. மக ஒருத்தி இருக்கா."

"சொல்ல மாட்டேன்."

"சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டொரு நாளில் முடிந்துவிட்டது.

சேதி கேட்டு டாக்டரம்மா காரை எடுக்காமல், முக்காடு போட்டுக்கொண்டு நடந்தே போனார். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலி. உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கை மூடிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் மின்கம்பத்தின் பக்கமாக ஒதுங்கி நின்றார் டாக்டரம்மா. ஊருக்கே வகை வகையாய்ப் பேசியவருக்கு அந்த வாசலை மிதிக்கக் கால் வரவில்லை.

தையல்காரரின் மனைவி அவரைப் பார்த்துவிட்டாள். எழுந்து, ஜனங்களைத் தாண்டி, நேரே தெருமுனைவரை வந்தாள்.

"இங்க ஏன் நிக்கறீங்க? உள்ளேயே வாங்க. இனிமே மறைக்க என்ன இருக்கு?"