தமிழ் பேசிய வைரஸ்

இன்று காலை கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கு வந்த பொதி தபாற்கந்தோரில் நிற்கிறதாம், விலாசம் போதாதாம், கீழே உள்ளதை அழுத்தினால் சரியாகிவிடுமாம். எங்கள் பகுதித் தபால்காரர் பொதி வந்தால் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "ஐயா, சாமான் வந்திருக்கு" என்று சொல்லுகிற மனிதர். என் விலாசம் அவருக்குப் போதாமல் போக நியாயமில்லை. ஆகவே அழுத்தவில்லை. ஆனால் உடனே அழிக்கவும் மனம் வரவில்லை. எதையும் அழிக்கப் போனால் என் விரல் கொஞ்ச நேரம் தயங்கி நிற்கும். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்தச் சில வருடங்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. பெருநிலத்திலே வயற்காட்டுக் கிராமம் எங்களுடையது. அங்கிருந்து பஸ்ஸில் பாலம் கடந்து மன்னார்த் தீவுக்கு வேலைக்கு வருவேன். கரையோரத்து மீனவர் சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு சின்னக் கந்தோர் இருந்தது. அதில் நாங்கள் மூன்று பேர். தலைவர் சூசைப்பிள்ளை ஐயா, தட்டெழுத்தாளர் பிலோமினா அக்கா, மிச்ச வேலை எல்லாவற்றுக்கும் நான்.

அந்தக் கந்தோருக்கு வெளிநாட்டு உதவியில் ஒரு கொம்பியூட்டர் வந்தது. அதை வைக்க ஓர் அறை, அறைக்கு ஏசி, ஏசிக்குக் கம்பளம். பக்கத்துக் கடையின் கருவாட்டு மணமும் நனைந்த கம்பளத்தின் மணமும் கலந்த ஒரு குளிர் அந்த அறையில் எப்போதும் நிற்கும். இப்போதும் ஏதாவது வங்கியில் கதவைத் திறந்து உள்ளே போனால், கருவாடு எங்கே என்று என் மூக்கு தேடும். அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. தூசியோடு வைரசும் வந்துவிடும் என்பது தலைவரின் கொள்கை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அங்கேதான் படுப்பார். கொம்பியூட்டருக்குக் காவல் என்று சொல்லிக்கொள்வார்.

பிறகு என்னை வவுனியாவுக்கு ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஈமெயிலில் வரும் ஆபத்துகளைப் பற்றிய பயிற்சி. பாடம் நடத்தியவர் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார்: "தெரியாத ஆளிட்ட இருந்து வந்தால் திறக்காதேங்கோ. இணைப்போட வந்தால் தொடாதேங்கோ. திறந்து பார், திறந்து பார் எண்டு கெஞ்சினால் அது வைரஸ்தான்." சோற்றுப் பார்சலும் ஒரு சான்றிதழும் தந்தார்கள். சான்றிதழுக்கு நான் கண்ணாடி போட்டு, கந்தோர்ச் சுவரில் மாதா படத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டினேன். அன்றிலிருந்து தலைவர் என்னை வைரஸ் மாஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கினார். எனக்கு அது கூச்சமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் சந்தோஷமாகவே இருந்தது.

கொம்பியூட்டரை வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். பிலோமினா அக்கா பழைய தட்டெழுத்து இயந்திரத்தோடு வெளி அறையிலேயே இருந்தார். முப்பது வயது, அளவான பேச்சு. காலையில் நான் தொலைபேசிக் கம்பியைப் பொருத்தி, அது கீச்சிட்டு இரைந்து இணையத் தொடர்பு எடுத்து முடித்ததும், எழும்பி வந்து வாசலில் நிற்பார்.

"தம்பி, இண்டைக்கு ஏதும் வந்ததோ?"

"அலுவலா ஒண்டும் வரேல்லை அக்கா."

போய்விடுவார். கந்தோர் வேலையில் எவ்வளவு அக்கறை என்று நான் வியந்திருக்கிறேன்.

அந்த நாட்களில்தான் ஒரு விசித்திரமான வைரஸ் வரத் தொடங்கியது. அனுப்புகிறவரின் பெயர் 'கடல்ராஜா'. தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்கும், வாசித்தால் தமிழ்: "மினா, ஒருக்காத் திறந்து பார்." உள்ளே ஒரு சொல்லும் இல்லை, ஓர் இணைப்பு மட்டும். தெரியாத ஆள், இணைப்பு, கெஞ்சல் என்று மூன்று குறியும் பொருந்திவிட்டன. அழித்தேன். பத்து நாள் கழித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் அழித்தேன்.

தலைவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தமிழிலயும் வந்திட்டுதோ? அப்ப எங்களைக் குறிவைச்சுத்தான் செய்யிறாங்கள். அறிக்கை எழுதும்."

நான் சொல்லச் சொல்ல பிலோமினா அக்கா தட்டினார். 'தமிழ் பேசும் வைரஸ் ஒன்று எமது கந்தோரைத் தாக்க முயன்று வருகின்றது' என்ற வரியில் அவர் கை நின்றது.

"அதில என்ன எழுதியிருந்தது தம்பி?"

"அதைச் சொல்லக்கூடாது அக்கா. பயிற்சியில சொன்னவை."

தாளை இயந்திரத்தில் நேராக்கினார். பிறகு தட்டினார்.

அந்த வருடம் அக்காவுக்கு அவருடைய தமையன் கலியாணம் பேசி முடித்தார். மாப்பிள்ளைக்கு முருங்கன் பக்கம் கடை. கத்தோலிக்கருக்குக் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஆனால் ஏதும் வந்ததோ என்று கேட்பதை மட்டும் நிறுத்தியிருந்தார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயரில் ஒரு ஈமெயில் வந்தது. தலைப்பு: சம்பள உயர்வுப் பட்டியல். தெரிந்த ஆள், கெஞ்சல் இல்லை, மரியாதையான ஆங்கிலம். திறந்தேன். திரை நீலமானது, பிறகு கறுப்பானது. அதற்குள் எங்களுக்குத் தெரிந்த அத்தனை கந்தோர்களுக்கும் என் பெயரிலேயே சம்பள உயர்வு போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு இடங்களிலிருந்து தொலைபேசியில் நன்றி சொன்னார்கள். சான்றிதழைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

வியாழக்கிழமை வவுனியாவிலிருந்து ரமணன் என்ற திருத்துநர் தன்னுடைய மடிக்கணினியோடு வந்தார். எங்கள் கொம்பியூட்டரின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த வன்தட்டைத் தன்னுடையதோடு பொருத்தி, அரை நாள் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்கள் ஒண்டையும் அழிக்கேல்லை. குப்பை வாளிக்குள்ள போட்டிருக்கிறீங்கள். வாளியை ஒருநாளும் கொட்டேல்லை. எல்லாம் கிடக்கு." பிறகு சிரித்துக்கொண்டே சத்தமாக வாசித்தார். "மினா, ஒருக்காத் திறந்து பார். மினா, ஏன் பதில் இல்லை. மினா, கோவமோ. ஆரப்பா இந்த மினா?"

வெளி அறையில் தட்டெழுத்துச் சத்தம் நின்றது. பிலோமினா அக்கா செருப்போடு கம்பளத்தில் ஏறி வந்தார்.

"அது நான்தான்," என்றார்.

இணைப்புகளை ரமணன் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திறந்தார். வைரஸ் இல்லை. நீல மையில் கையால் எழுதிய கடிதம் ஒன்று படமாக இருந்தது. யூட் என்று தலைமன்னார்ப் பக்கத்துப் பெடியன். அக்காவுக்கும் அவருக்கும் ஐந்து வருடத்துப் பழக்கம். இத்தாலிக்குப் போனவர். வீட்டுக்குக் கடிதம் போட்டால் தமையன் கையில் கிடைக்கும். அதனால் போகிற அன்று அக்கா கந்தோர் ஈமெயிலைக் கொடுத்திருக்கிறார். தமிழில் தட்ட அங்கே வழி கிடைக்காததால் யூட் தாளில் எழுதி, ஒரு கடையில் கொடுத்துப் படமாக்கி அனுப்பியிருக்கிறார். பதினொரு கடிதங்கள். மினா என்பது அவர் மட்டும் கூப்பிடும் பெயர்.

நானும் ரமணனும் அக்காவை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றோம். தெருவில் மூன்று கழுதைகள் எங்கள் மதில் நிழலில் நின்றன. அவற்றின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாடு முடித்துப் படுக்க வந்த தலைவரை வாசலில் மறித்தேன்.

"உள்ளுக்கு வைரஸ் வேலை நடக்குது ஐயா."

"தமிழ் வைரசோ?"

"ஓம் ஐயா."

தலைவர் சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அக்கா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் எப்போதும் போல.

"அண்டைக்குக் கேட்டனான் தம்பி, என்ன எழுதியிருக்கெண்டு."

"ஓம் அக்கா."

"சொல்லக்கூடாதெண்டு சொன்னனி."

திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கடைசிக் கடிதத்தில் யூட் இனி எழுதமாட்டேன் என்று எழுதியிருந்தாராம். அது வந்து ஆறு வாரம். ரமணனின் மடிக்கணினியில் நான் இணையத் தொடர்பு எடுத்துக் கொடுக்க, அக்கா தானே ஒரு வரி தட்டினார்: "நான் மினா. இப்பத்தான் வாசிச்சனான்." இணைப்பு எதுவும் வைக்கவில்லை. ரமணன் திருத்தித் தந்துவிட்டுப் போன எங்கள் கொம்பியூட்டரில் மறுநாள் காலை பதில் வந்திருந்தது. அதை நான் திறக்கவில்லை. அவரையே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன்.

சனிக்கிழமை அக்கா பங்குச் சுவாமியிடம் போனார். நானும் கூடப் போனேன், குற்றவாளி என்ற முறையில்.

"சுவாமி, ஆருக்கும் ஆட்சேபணை இருந்தாச் சொல்லச் சொல்லித்தானே வாசிக்கிறீங்கள். எனக்கு இருக்கு."

சுவாமி கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, அது மற்ற ஆக்களுக்குச் சொல்லுறது."

"நானும் ஒரு ஆள்தானே சுவாமி."

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. தமையன் ஒரு வருடம் அக்காவோடு பேசவில்லை. எங்கள் கந்தோருக்கு வந்து "ஆரடா இஞ்ச வைரஸ்?" என்று கேட்டார். நான் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். தலைவர் கூட்ட அறிக்கையில், தமிழ் வைரஸ் பிரச்சினை சுமுகமாகத் தீர்க்கப்பட்டது என்று எழுதச் சொன்னார். தட்டியது அக்காதான். அடுத்த வருடம் யூட் வந்தார், கலியாணம் நடந்தது. இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். போகும்போது, கடிதங்கள் கொம்பியூட்டரிலேயே இருக்கட்டும், வீட்டில் வைத்தால் தமையன் கிழிப்பார், நீ பத்திரமாக வைத்திரு என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வைத்திருந்தேன்.

பிறகு சண்டை திரும்பியது. பாதை பூட்டியது, கந்தோர் பூட்டியது. நாங்கள் ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்தபோது அந்த அறையில் கம்பளம்கூட இல்லை. கொம்பியூட்டரை யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. சூசைப்பிள்ளை ஐயா காலமாகிவிட்டார். இப்போது அந்த இடத்தில் குளிர்பானம் விற்கிறார்கள்.

போன ஆடியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த அக்காவும் யூட்டும் என் வீட்டுக்கு வந்தார்கள். தலை நரைத்திருந்தது இருவருக்கும். கடிதங்கள் போய்விட்டதை அன்றுதான் சொன்னேன். மூலப் பிரதிகளைப் பதில் வராத கோபத்தில் அப்போதே கிழித்துவிட்டதாக யூட் சொன்னார்.

"என்ன எழுதினனான் எண்டே மறந்துபோச்சு. ஏதோ மழையைப் பற்றி எழுதின ஞாபகம்."

"மழை இல்லை," என்றார் அக்கா. "பனி. ஏழாவது கடிதம்."

"மழையெண்டுதான் எழுதினனான்."

"பனி."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எடுத்துப் பார்த்துச் சொல்ல என்னிடம் அந்தக் கடிதம் இருக்கவில்லை.