சுகம் தந்ததற்கு ஸ்தோத்திரம்

சம்பூர்ணம் அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் ஜெபம்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. ஊசி உடைந்தால் ஜெபம், பஸ் வராவிட்டால் ஜெபம்.

"இன்னாக்கா, கர்த்தருக்கு வேற வேலயே இல்லியா?" என்று கிண்டல் செய்வேன்.

"நம்மள அவரு பாக்காம வேற யாருடி மெர்சி பாப்பாங்க?" என்பாள். அப்போது சிரிப்பேன்.

தை மாதம் அவள் புருஷன் அன்பரசன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. தோல் பதனிடும் கம்பெனியில் முப்பது வருஷம் ஈரத்தோல் சுமந்த உடம்பு. ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. அக்கா வேலைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது. வந்தால் சாயங்காலம்வரை கம்பெனி கேட்டைத் தாண்ட முடியாது.

எங்கள் சபையில் ஜெபக்குறிப்புப் பட்டியல் ஒன்று உண்டு. அண்ணன் பெயரும் அதில் ஏறியது. அதில் பெயர் இருக்கும்வரை உபவாசக் குழுப் பெண்கள் நாலு பேர் தினமும் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போவார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஓடிவருகிறவர்கள் இல்லை. அண்ணனைத் திருப்பிப் போட்டு, முதுகைத் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் முழங்காலே போடுவார்கள்.

"பாத்தியாடி, என் கண்ணீர அவரு பாத்துட்டாரு" என்றாள் அக்கா. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அப்புறம் வந்தது அந்தக் கன்வென்ஷன் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். இன்னும் எத்தனை நாள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், கிடைத்துவிட்டது என்று நம்பி இன்றைக்கே நன்றி சொல்லுங்கள் என்றார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் டீ நேரத்தில், சபையில் கொடுக்கும் நன்றிச் சீட்டு ஒன்றை என்னிடம் நீட்டினாள். அவளுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது.

"பூரண சுகம் தந்ததற்கு ஸ்தோத்திரம்னு எழுது."

"இன்னும் தரலியேக்கா?"

"அவிசுவாசி! எழுதுடி."

எழுதித் தொலைத்தேன். இந்தக் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அந்தச் சீட்டை நன்றிச் சீட்டுகளோடு சேர்த்து வாசித்தார். சபையே அல்லேலூயா என்று அதிர்ந்தது. திங்கட்கிழமை பட்டியலில் அண்ணன் பெயர் இல்லை. சுகமான வீட்டில் என்ன வேலை என்று அந்த நாலு பெண்களும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். தப்பு என்று யாரைச் சொல்வது?

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது, காலையில் படுக்கவைத்த அதே பக்கத்தில் அண்ணன் கிடந்தாராம். பாய் முழுக்க ஈரம். வெள்ளிக்கிழமைக்குள் முதுகில் புண் வைத்துவிட்டது.

"பாஸ்டர்கிட்ட நான் சொல்றேன்க்கா" என்று கொதித்தேன்.

என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "வேணாம்டி. நன்றி சொல்லிட்டு இப்ப இல்லன்னா, குடுக்க வந்தவரு கைய இழுத்துக்குவாரு. என் மேல ஆணை, சொல்லாத." இதற்கு மேல் நான் என்ன செய்ய?

அடுத்த ஞாயிறு பாஸ்டர், சுகம் கிடைத்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல அவளைக் கூப்பிட்டார். மனுஷர் சந்தோஷமாகத்தான் கூப்பிட்டார், பாவம். அக்கா மைக் முன்னால் போய் நின்றாள். அந்த நாலு பெண்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மறுநாளே வந்திருப்பார்கள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு..." என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள். "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆனந்தக் கண்ணீர் என்று சபை கை தட்டியது. நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"அப்பா, சுகத்த அப்புறமா குடுங்க. இப்ப யாரையாவது அனுப்பி, அவர ஒரு தபா திருப்பிப் படுக்க வையிங்க."