நனைக்காத ஓலை

1950களின் நடுவில் கவரைப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ரயில்பாதையை ஒட்டி, தகரக் கூரை போட்ட வீட்டில் தனியாகக் குடியிருந்தேன். சித்திரையில் அந்தத் தகரம் கொதிக்கும். தாங்க முடியாமல் அதன்மேல் பனை ஓலை பரப்பினேன். வீடு குளிர்ந்தது. ஆனால் எஞ்சினிலிருந்து தீப்பொறி பறக்கும்; நண்பகல் மெயில் வருவதற்குள் நாலு குடம் தண்ணீர் ஊற்றி ஓலையை நனைத்துவிட வேண்டும்.

பக்கத்துக் குடிசையில் கணவனை இழந்த ஒரு பெண்மணி இருந்தார். என்னைவிட மூத்தவர், அக்கா என்பேன். தீப்பொறிக்குப் பயந்து வருடந்தோறும் தன் ஓலைக் கூரைமேல் களிமண் பூசுவார். சாம்பலுக்கடியில் அவர் அடுப்பில் எப்போதும் கங்கு இருக்கும். விடியற்காலையில் தெருவே அங்குதான் நெருப்பு வாங்கும். என் கூரையையும் அவர்தான் கவனித்தார்.

"இன்னா வாத்தியாரே, இன்னும் தண்ணி ஊத்தல? எஞ்சினு வந்து கொள்ளி வெக்கட்டும்னு பாத்துக்கினு கீறீங்களா?"

ஒரு சித்திரை நாள், எனக்கு விடுமுறை. அக்கா இருட்டோடு வேர்க்கடலை பிடுங்கப் போய்விட்டார். கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போயிருந்தது. ஒருநாள்தானே என்று படுத்துவிட்டேன்.

மெயில் போன சற்று நேரத்தில் தலைக்கு மேலே சடசடவென்று சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் ஓலை எரிகிறது. மூங்கில் கழியால் எல்லாவற்றையும் தள்ளினேன். எந்தப் பக்கம் தள்ளுகிறேன் என்று பார்க்கவில்லை. எரியும் ஓலைகள் அக்காவின் இறவாரத்தடியில் போய் விழுந்தன. களிமண் மேலே மட்டும்தான். அடியில் எல்லாம் காய்ந்த ஓலை. ஆட்கள் ஓடிவருவதற்குள் குடிசை விழுந்துவிட்டது. மகளின் பிரசவத்துக்கென்று அக்கா பழம்புடவைகளை அடுக்கித் தைத்து வைத்திருந்த விரிப்பும் உள்ளே இருந்தது.

"ஒங்க தகரத்து மேல ஓல இருந்துதே வாத்தியாரே?" என்றார் ஒருவர்.

"காலையிலேயே இறக்கிட்டேன்" என்றேன்.

வாத்தியார் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. அக்கா வயலிலிருந்து ஓடிவந்தபோது அவரைத்தான் கேட்டார்கள்: "அடுப்ப மூடாம வயலுக்குப் பூட்டியா?"

"சாம்பல் போட்டு மூடிக்கினுதானே போனேன்" என்றார். பிறகு கரிக்குள் கிடந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூடுனேனா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் அக்கா என் வாசலுக்கு வந்தார். "என்னால ஒங்க செவுரும் கருத்துப் பூட்ச்சி வாத்தியாரே. மன்சுல வெச்சிக்காதீங்க."

"பரவாயில்லை அக்கா" என்றேன்.

ஊரார் சேர்ந்து புதுக் குடிசை கட்டினார்கள். மூங்கில் வாங்கிக் கொடுத்ததற்காக என்னை மெச்சினார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். மாற்றலாகிப் போகும்வரை இரண்டு வருடம் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன், ஒருநாளும் சொல்லவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது, இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

புதுக் குடிசையில் அக்கா கங்கு வைத்திருக்கவில்லை. சமைத்ததும் அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிடுவார். சுவருக்கு இந்தப்புறம் எனக்கு அந்தச் சீறல் கேட்கும். விடிந்ததும் தேங்காய்ச் சிரட்டையோடு என் வாசலில் நிற்பார்.

"ஊட்ல நெருப்பு வெக்க பயமா கீது வாத்தியாரே. ஒரு கங்கு குடுங்க."

என் அடுப்பைக் கிளறி, நல்ல கங்காகப் பார்த்து எடுத்துப் போடுவேன்.